மூன்றாவது சர்வர்

“என் பொண்டாட்டி அன்னைக்கு வேலைக்கு வந்தாளா, வரலையா? அத மட்டும் சொல்லும்மா.”

கோல்டு ஸ்டோரேஜ் கிடங்கு வாசலில் ஓர் ஆள் என் அக்காவை நிறுத்தி இப்படிக் கேட்டார். அவர் மனைவி ஃப்ரீசர் அறைக்குள் மாட்டிக்கொண்டு விறைத்துச் செத்தவள். ஆனால் வருகைப் பதிவில் அவள் பெயரே இல்லை. “வேலைக்கே வரல, திருட வந்தவ” என்று மேனேஜர் கதையை முடித்துவிட்டார்.

இது நிஜமாகவே நடந்தது. அக்காவுக்குப் பொய் வராது. சொன்னால் காது சிவந்துவிடும்.

அக்காவுக்கு அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த ஆள் வந்து கேட்ட அன்று, வருகைப் பதிவைச் சேமிக்கும் மூன்று சர்வர் கம்ப்யூட்டர்களை மறுபடி ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். ஒன்றில் எழுதினால் மற்ற இரண்டிலும் பதியும். ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் அழியும். நல்ல பட்டப்பகல். மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

இரண்டு சேர்ந்தன. மூன்றாவதைச் சேர்த்ததும் வருகைப் பதிவில் ஒரு வரி கூடியது.

செத்தவளின் பெயர். செத்த தேதி. உள்ளே வந்த நேரம் 2.10.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. மேனேஜர் அந்த வரியை அழித்த நாளில் மூன்றாவது சர்வர் பழுதாகிக் கிடந்தது. அதில் மட்டும் அழியவில்லை.

“அழி.”

“சார், அவங்க வேலைக்கு வந்திருக்காங்களே...”

“உனக்கு வேலை வேணுமா, வேணாமா?”

அழித்தாள். மூன்றிலும் போனது.

திரும்ப வந்தது. மூன்றிலும்.

மூன்றாவதன் கேபிளைப் பிடுங்கினாள். மற்ற இரண்டிலும் அழித்தாள்.

வந்தது.

அறை சில்லிட்டது. அக்கா விட்ட மூச்சு புகையாகத் தெரிந்தது.

டக்... டக்... டக்...

சர்வர் பெட்டிக்குள்ளிருந்து. உள்ளங்கையால் கதவைத் தட்டுவது போல.

இன்னொரு வரி வந்தது. மேனேஜர் பெயர். ஃப்ரீசர் அறை. உள்ளே வந்த நேரம் 3.05.

மணி அப்போது 3.01.

“என்ன விளையாடுறியா?”

“நான் தொடவே இல்ல சார்.” இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

சத்தம் நின்றது.

அவர் எழுந்தார். யாரோ மணிக்கட்டைப் பிடித்து இழுப்பது போல... ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி... ஃப்ரீசர் அறைப் பக்கம் நடந்தார்.

மாலையில்தான் அவர் உடலை ஃப்ரீசர் அறையிலிருந்து வெளியே எடுத்தார்கள். நகமெல்லாம் பிய்ந்திருந்தது. கதவின் உள்பக்கம் முழுக்க ரத்தக் கீறல்.

பூட்டு ரிப்பேர்காரர் பிறகு சொன்னார். அந்தக் கதவின் பூட்டை அவர் காலையிலேயே கழற்றிக்கொண்டு போயிருந்தாராம். ஒரு விரலால் தள்ளியிருந்தாலே திறந்திருக்கும்.

மறுநாள் முதலாளி வந்து திரையைப் பார்த்தார்.

“ரெண்டு வரியையும் எடுத்துடும்மா. நாளைக்குப் போலீஸ் பாக்கும்.”

அக்கா அந்தப் பக்கத்தை அச்செடுத்து மடித்துக்கொண்டாள். சர்வர் அறைச் சாவியை அவர் முன்னால் வைத்தாள். வாசலில் கேட்ட அந்த ஆளைத் தேடி வெளியே போனாள்.