மிளகு ஏணியில் எடுத்த போன்

மலைமேல் குண்டூர் நாட்டில் சின்னுசாமியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. ஐம்பத்தாறு வயதிலும் ஒற்றை மூங்கில் ஏணியை, மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து, முப்பதடி உயரத்தில் நின்று மிளகு பறிப்பார். தவறி விழுந்தாலும் மனுஷன் மரத்தைத்தான் திட்டுவார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவர் காட்டில் போனுக்கு டவர் கிடைக்கிற இடமும் அந்த ஏணி உச்சிதான். வீட்டில் செத்துக் கிடக்கிற போன், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மரமேறினால் உயிர் வந்து கத்தும்.

கூப்பிடுகிறவர்கள் யாரென்று பார்த்தால், லோன் வேண்டுமா என்பார்கள். பைபாஸ் ஓரம் மனை வாங்குங்கள் என்பார்கள். கிரெடிட் கார்டு தர வந்த ஒருவனிடம், "ஏனுங்க, அதுல மிளகு காயப்போடலாமுங்களா?" என்று கேட்டார். அவன் மேனேஜரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான்.

செம்மேட்டில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் அருள்மொழி வழி சொன்னான். "தெரியாத நம்பர்னா எடுக்காதீங்கண்ணா. இல்லாட்டி 1909-க்கு ஒரு மெசேஜ் போட்டு எல்லாத்தையும் நிப்பாட்டித் தாரேன்." சின்னுசாமி ஒத்துக்கொள்ளவில்லை. காரணத்தையும் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்த காரணத்தை எதற்குச் சொல்வது?

காரணம் சண்முகப்பிரியா, அவருடைய ஒரே மகள். நாமக்கல்லில் பி.காம். முடித்தவள், கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றாள். அவரோ பக்கத்துத் திருப்புலி நாட்டில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார். என்ன கம்பெனி, என்ன வேலை என்று அவள் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் கத்தி அடக்கினார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில், பையோடு வாசலில் நின்று, "அப்பா, வாரேனுங்க" என்றாள்.

வாரேன் என்று ஒருவர் சொன்னால், இருக்கிறவர் 'வா' என்று சொல்ல வேண்டும். பங்காளிப் பகை உள்ளவர்கள்கூட அந்த ஓரெழுத்தைக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அவள் அதற்காகத்தான் நின்றாள். பஸ் ஹாரன் அடிக்கும்வரை நின்றாள். சின்னுசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுவாளைத் தீட்டினார். அவர் மனைவி விஜயாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா சாமி" என்றாள். மகள் கேட்டு நின்றது அந்த வாயிலிருந்து வருகிற 'வா' இல்லை.

அதன்பிறகு அவளுடைய பழைய நம்பர் வேலை செய்யவில்லை. கோயம்புத்தூரில் ஊர்க்காரர் யாராவது எதிர்ப்பட்டால் 'நல்லா இருக்கேன்' என்று தாய்க்குச் சொல்லி அனுப்புவாள். புது நம்பர் தர மாட்டாள். தேடிப் போக இவருக்கும் வீம்பு விடவில்லை. ஆகையால் தெரியாத நம்பர் எது வந்தாலும் அவளாக இருக்குமோ என்று எடுப்பார். லோன் என்று கேட்டதும் ஏமாந்த கோபம் எல்லாம் எதிரில் பேசுகிறவர் தலையில் இறங்கும். வரவர, அவர்கள் பேசுவதற்கு முன்பே திட்டத் தொடங்கினார்.

இந்த மாசியில் ஒரு நாள் ஏணியில் நிற்கும்போது போன் அடித்தது. காற்று இரைந்தது.

"வணக்கம் சார், நான்..."

"நிறுத்தும்மா! ஊரான் உசுரை வாங்கறதுக்குத்தான் உன்னைப் பெத்தாங்களா? அப்பன்னு ஒருத்தன் இருந்தா இந்தப் பொழப்புக்கு அனுப்புவானா?"

அவளுக்குப் பின்னால் பல பெண்கள் ஒரே வணக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. பிறகு, மெதுவாக:

"ஏணியில நின்னுக்கிட்டுக் கோவப்படாதீங்க. பார்த்து எறங்குங்க. வாரேனுங்க."

ஏணியில் நிற்பதை அவர் சொல்லவே இல்லை. இது மாசி, மிளகுக்காலம், அப்பா போன் எடுத்தால் ஏணி உச்சியில்தான் எடுப்பார் என்று தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான். அது உறைத்து, 'வா' என்று வாயைத் திறப்பதற்குள் போன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டார். அந்த எண்ணுக்கு அழைக்க முடியாது என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. மிளகுக் கொடியைப் பிடித்துக்கொண்டார்.

கீழே உதிர்ந்த மிளகுச் சரங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த விஜயா நிமிர்ந்தாள். "ஏனுங்க, யாரு போன்ல?"

"எவளோ கம்பெனிக்காரி."

உண்மையைச் சொன்னால், என்ன பேசினார் என்பதையும் சொல்ல வேண்டும். பெற்ற மகளிடம் 'உனக்கு அப்பன் இருக்கிறானா' என்று கேட்டதை எந்த வாயால் மனைவியிடம் சொல்வது? இன்றுவரை சொல்லவில்லை.

அந்த 'நான்' என்ற சொல்தான் அவரைத் தூங்கவிடாமல் அறுக்கிறது. அடுத்து என்ன வரும் என்பது அவருக்கு மனப்பாடம்: முதலில் பெயர், பிறகு கம்பெனி, பிறகு ஊர். ஒரு மூச்சு பொறுத்திருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கம்பெனிப் பட்டியலில் தானாக வந்த நம்பரா, அவளாகவே தேடிப் போட்டாளா? அதுவும் தெரியாது. அவளாகப் போட்டிருந்தால், என்று நினைக்கும்போது மட்டும் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

பறிப்பு முடிந்துவிட்டது. மிளகு காய்ந்து மூட்டையாகிவிட்டது. எல்லோரும் ஏணியை எடுத்துப் பரணில் போட்ட பிறகும் சின்னுசாமி தினமும் காலையில் வெறும் கொடியில் ஏணியைச் சாய்த்து ஏறி நிற்கிறார். "இப்பவாவது நிப்பாட்டித் தரட்டுங்களாண்ணா?" என்று போனை வாங்கப் போன அருள்மொழியின் கையைத் தட்டிவிட்டார். லோன், மனை, கார்டு, யார் கூப்பிட்டாலும் கடைசிவரை கேட்கிறார். பெயரைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறார். அவர்கள் நன்றி சொல்லி முடிக்கும்போது, "வா சாமி" என்கிறார்.

பெரும்பாலானவர்கள் ஒன்றும் புரியாமல் வைத்துவிடுவார்கள். நேற்று ஒரு பெண் மட்டும் நின்று கேட்டாள்.

"எங்க சார் வரணும்?"

"ஊட்டுக்குத்தான் கண்ணு."