ஒட்டீலியின் இரண்டு மணிகள்

ஜெர்மனியில், எல்பே ஆற்றங்கரை ஊரில் ஒட்டீலி ஷாவைப் பியானோ டீச்சர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். சமையலறை மேசையில் உட்கார்ந்து பதினோரு ஆண்டுகளாக ஒரு சிம்பொனி எழுதிக்கொண்டிருந்தாள் என்பது தெரியாது. அதன் மூன்றாம் பகுதியில் ஓரிடத்தில் இரண்டு சுரங்கள் ஒன்றோடொன்று உரசும். மகள் லீனாவை அடக்கம் செய்த அன்று இரண்டு தேவாலய மணிகளும் சேர்ந்து அடித்தன. இரண்டுக்கும் சுருதி சேரவில்லை. அதை அவள் அப்படியே எழுதிவைத்திருந்தாள்.

நகர இசைக்குழு அதை வாசிக்க ஒப்புக்கொண்டது. ஒத்திகை முடிந்ததும் இயக்குநர் லோஷ்னர் கூப்பிட்டார்.

"ஏம்மா, மூணாவதுல கை தவறிப்போச்சு போல. எல்லார் தாள்லயும் பென்சிலால திருத்திட்டேன். ஊரு சிரிக்கக் கூடாது பாருங்க."

"தவறில்லைங்க ஐயா. எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு."

"ரெண்டு சுரமும் சண்டை போடுதும்மா! இஷ்டமில்லேன்னா சொல்லுங்க, வேற யாரோடதாவது போட்டுக்கறேன்."

ஒட்டீலி தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். மறுத்திருந்தால் பதினோரு ஆண்டு உழைப்பும் பெட்டிக்குள் போயிருக்கும்.

கச்சேரி அன்று நண்பகலில், கையில் ஒரு ரொட்டியோடு ஆளில்லாத அரங்குக்குள் நுழைந்தாள். பென்சில் கோட்டை அழிக்க ரொட்டியின் மெத்தைப் பகுதியை மிஞ்சியது எதுவுமில்லை. பாதி தாள்களை முடித்திருந்தபோது டபுள்பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிக்கும் ஹெம்பெல் கிழவர் வந்து நின்றார்.

"என்னம்மா பண்றீங்க?"

"திருத்தினதத் திருத்தறேன்."

"அந்த மனுசன் கத்துவாரே!"

"கத்தறதுக்குள்ள நீங்க வாசிச்சு முடிச்சிருப்பீங்க."

கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து, தன் தாளைத் தானே அழித்தார்.

அன்று மாலை மணிகள் மோதின. லோஷ்னரின் முகம் சிவந்தது, ஆனால் வாசிப்பை நடுவில் நிறுத்த முடியாதே! அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. ஒட்டீலி கடைசி வரிசையில் லீனாவின் கையுறையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் செய்தித்தாள் அந்த இடத்தை வானளாவப் புகழ்ந்தது. ஒத்திகை முடிந்த கையோடு, அங்கே தான் கைவைத்ததாக லோஷ்னர் பத்திரிகைக்காரரிடம் பெருமையடித்திருந்தார். ஆகவே, 'பெண்மணியின் எளிய படைப்புக்கு உயிர் கொடுத்தது இயக்குநரின் துணிச்சலான திருத்தம்' என்று அச்சாகியிருந்தது. அவரும் இல்லையென்று மறுக்கவில்லை. கேட்கவே வயிறு எரிகிறது. மகளுக்காக அழுததுபோலவே அன்றும் அவள் அழுதாள்.

அழுதுவிட்டு அடுத்ததைத் தொடங்கினாள். இன்னும் நான்கு படைப்புகள் எழுதினாள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும், தன் பெயருக்கும் மேலே, அழியாத மையில் ஒரு வரி இருக்கிறது: 'எழுதியபடியே வாசிக்கவும்.'