ஒழுகாத ஆறு கையுறைகள்

ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் கியூசி, அதாவது தரச் சோதனை வேலை என்றால், சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குவது. கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவோம். இரண்டு நிமிடத்தில் ஒரு சொட்டு ஒழுகினாலும் ரிஜெக்ட். இருபத்திரண்டு வருடம் அந்த முத்திரை என் கையில் இருந்தது. அந்தப் பழக்கத்தில், வீட்டில் பால் பாக்கெட்டைக்கூட தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன்.

தொழிற்சாலைக்குப் பின்னால் எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகள், நடுவே ஒரு கால்வாய். என்னோடு வேலை செய்த மேரி அங்கேதான் இருந்தாள். வேலை கான்ட்ராக்ட், வாய் மட்டும் நிரந்தரம். சாயங்காலம் கையுறை கழுவும் தொட்டியைத் திறந்துவிட்டால் கால்வாய் வெள்ளையாக நுரைக்கும். லயத்துப் பிள்ளைகளுக்குக் காலெல்லாம் சொறி. நிர்வாகமோ, அது மழைத் தண்ணீர் என்றது.

பெண்கள் நாங்கள் சங்கம் அமைத்து, கால்வாயைப் பற்றி நிர்வாகத்தோடு முதல் பேச்சுவார்த்தைக்கு நாள் வாங்கியிருந்தோம்.

“கால்வாய்த் தண்ணியப் போத்தல்ல கொண்டுபோனா தள்ளி வச்சிடுவாங்கக்கா. கிளவ்ல தொங்கவிட்டா பார்த்துத்தான் ஆகணும்லா” என்றாள் மேரி.

ரிஜெக்ட் கையுறையில் கால்வாய்த் தண்ணீரைப் பிடித்து, தேதியும் நேரமும் எழுதிக் கட்டி வைத்தாள். காலையில் காலி. ஓட்டைக் கையுறையில் தண்ணீர் நிற்குமா? கியூசிக்காரிகள் எட்டுப் பேர் கூடி யோசித்த யோசனை! விலா நோகச் சிரித்தோம்.

நல்ல கையுறையை வெளியே கொண்டுபோனால் திருட்டு, வேலை போய்விடும். ஆகவே ஆறு நல்ல கையுறைகளில் நானே ரிஜெக்ட் முத்திரை குத்திக் கொடுத்தேன். அதுவரை நான் பொய் முத்திரை குத்தியதில்லை.

கூட்டத்தில் ஆறு நாள் சாயங்காலம் பிடித்த தண்ணீரையும் வரிசையாகத் தொங்கவிட்டோம். மேனேஜரும் கியூசியிலிருந்து மேலே போனவர்தான். தண்ணீரைப் பார்க்கவில்லை, கையுறையின் அடியைத் தடவினார்.

“ரிஜெக்ட்னு போட்டிருக்கு, ஒழுகவே இல்லையே. நல்ல சரக்கை யாரு வெளிய கொண்டு போனது?”

மேரி வாயைத் திறந்தாள். கான்ட்ராக்ட்காரி ஒத்துக்கொண்டால் அன்றே வேலை போகும். அவள் காலை அழுத்தி மிதித்துவிட்டு நான் எழுந்தேன்.

“முத்திரை குத்தினது நான்தான் சார். பொய் என்னோடது. தண்ணி பொய் சொல்லல. அதுல எழுதியிருக்கிற நேரத்தையும் நீங்க தொட்டி திறந்த ரெக்கார்டையும் ஒத்துப் பாருங்க.”

பார்த்தார். ஆறும் ஒத்துப்போனது. அதற்குமேல் மழையைப் பற்றி யாரும் பேசவில்லை. சில மாதங்களில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டி வந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நியாயமான கடிதம்தான்.

புதிதாகச் சங்கத்துக்கு வரும் பெண்களுக்குச் சொல்கிறேன்: உண்மையோடு ஒரு பொய்யையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எதிரில் இருப்பவர் கை முதலில் அதன்மேல்தான் போகும்.

மேரி மட்டும் இன்றும் விடுவதில்லை. “ஏன்க்கா அன்னிக்கு என் காலை மிதிச்சீங்க? நானே எந்திரிச்சு ஒத்துக்கிட்டிருப்பேன்லா.”

“தெரியும்டி. அதனாலதான் மிதிச்சேன்.”