மேல் லயத்து வெளிச்சமும் கீழ் லயத்துத் தண்ணீரும்

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்து கொழுந்தெடுக்கும் ஜீவராணிக்கு மண்ணெண்ணெய் வாடையே ஆகாது. குப்பி விளக்கு சரிந்து பற்றிய தீயில்தான் அவளுடைய சின்னப் பிள்ளை போனது. அதன் பிறகு பொழுது சாய்வதற்குள் சமைத்து முடித்து, இருட்டிலேயே படுத்துக்கொள்வாள்.

அதனால்தான், ஓடையை மறித்துத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, ஒரு மெஷினைச் சுழலவைத்து லயங்களுக்குக் கரண்ட் எடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தாள். கீழ் லயத்து இராக்கம்மா மட்டும் தயங்கினாள். ஓடைத் தண்ணீர் வந்து விழும் பீலியில்தான் கீழ் லயத்தார் குடம் நிரப்புவார்கள்.

"ஓடைய மறிச்சுட்டா எங்க பீலிக்குத் தண்ணி ஏது?"

"இந்த மலையில மழைக்கு என்னக்கா பஞ்சம்?" என்றாள் ஜீவராணி. தீயில் போன ஜீவராணியின் பிள்ளையை நினைத்துத்தான் இராக்கம்மா சம்மதித்தாள்.

வெளிச்சம் வந்தது. புகையில்லை, எண்ணெய்க்கு அலைச்சலில்லை. முதல் நாள் ஜீவராணி சமைக்கவும் மறந்து பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் நன்றாகவே ஓடியது. அடுத்த வருஷம் மழை பொய்த்தது. ஓடையில் மிஞ்சிய தண்ணீர் முழுக்கக் குழாய்க்குள் போய், கீழ் லயத்தையும் தாண்டிப் பள்ளத்தில் இருந்த மெஷினில் விழுந்தது. பீலி வறண்டது. கீழ் லயத்துப் பெண்கள் குடத்தோடு அணைவரை ஏறினார்கள். அப்படி இறங்கும்போதுதான் இராக்கம்மா வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் ஜீவராணி அவள் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். "என்னாலதான் அக்கா" என்றாள்.

"நீ கெட்டது நெனச்சா செஞ்ச? லைட்டு எங்க வீட்டுலயும்தான் எரியுது. ஆனா தண்ணி இல்லாம எப்படிப் புள்ள இருக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கூட்டம் கூடியது. மெஷினைப் பார்த்துக்கொள்ளும் கிருஷ்ணராஜ் சொன்னான்: "தண்ணிய ஓடையில விட்டா மெஷின் ஓடாது. மறுபடியும் குப்பி விளக்குதான்."

எல்லோரும் ஜீவராணியைப் பார்த்தார்கள்.

"நிப்பாட்டுங்க," என்றாள். "மழ வர்ற வரைக்கும் தண்ணி ஓடையிலயே போகட்டும்."

"எம் பொண்ணுக்குப் பரீட்சை வருதே" என்றாள் பக்கத்து வீட்டுத் தர்மிளா. ஆனாலும் அன்றிரவே மெஷினை நிறுத்தினார்கள்.

மறுநாள் மாலை தர்மிளா வீட்டிலிருந்து அந்த மண்ணெண்ணெய் வாடை வந்தது. ஜீவராணி ஒரு வாளித் தண்ணீரோடு போய் விளக்கின் அருகில் உட்கார்ந்தாள். தர்மிளாவின் மகள் படித்து முடிக்கும்வரை சுடரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு தானே ஊதி அணைத்தாள். ஐப்பசி மழை பிடிக்கும்வரை ஒரு நாளும் அவள் தவறவில்லை.

இப்போது வறட்சி வந்தால் ஓடைக்குத்தான் முதல் தண்ணீர் என்று முடிவாகியிருக்கிறது. அந்த மாதங்களில் லயங்கள் இருண்டு கிடக்கின்றன, முணுமுணுப்பும் இருக்கிறது. இராக்கம்மா கம்பை ஊன்றி நடக்கிறாள். குடம் தூக்க அவளால் முடிவதில்லை, மருமகள்தான் தூக்குகிறாள்.