கீழ்த்தட்டில் கேட்ட இரைச்சல்

பாளையங்கோட்டையில் முருகன்குறிச்சியிலிருந்து சமாதானபுரம் வரைக்கும் ஞானசௌந்தரியை 'ஆர்.டி. அக்கா' என்று சொன்னால்தான் தெரியும். தபால் நிலையச் சிறுசேமிப்பு முகவர். மாதம் பிறந்ததும் குடையும் தோள்பையுமாக வீடு வீடாக ஏறி இறங்கி, அடுத்தவர் காசை அவர்கள் கை படாமல் காப்பாற்றிக் கொடுப்பவள். சொந்தக் காசை அவள் எப்படிப் பிடிப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. தேய்ந்துபோன சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவாள்.

அவள் புருஷன் ஜேக்கப் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைகிறது, சென்னையிலிருந்து திருகோணமலை போய்த் திரும்பும் உல்லாசக் கப்பலில் குடும்பத்தோடு போய் வரலாம் என்று அவர் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகன் கெவின் பாதிச் செலவு தன்னுடையது என்றான். மகள் ரெனிஷா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஞானசௌந்தரி மறுத்துவிடுவாள் என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள். அவளோ தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "போவோம். ஆனா ஏற்பாடெல்லாம் என் கையில இருக்கணும்" என்றாள். ஏன் சம்மதித்தோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. தம்பி ஹென்றி காணாமல் போனதிலிருந்து கடல் பக்கம் போகாதவள் அவள்.

அவளிடம் ஆர்.டி. கட்டும் ரீபா டீச்சர் அதற்கு முந்தின வருஷம் அதே மாதிரிக் கப்பலில் போய்விட்டு வந்தவர். ஞானசௌந்தரி அவரிடம் போய் உட்கார்ந்து, கப்பலுக்குள் காசு எங்கெங்கே ஒழுகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். டிக்கெட்டில் சேர்ந்த சாப்பாடு தனி, ஆசை காட்டும் சாப்பாடு தனி. தண்ணீர் பாட்டிலுக்குக் காசு. சாப்பாட்டுக் கூடத்தில் பிடித்துக்கொண்டால் சும்மா. கரையை விட்டதும் போனை விமானப் பயன்முறையில் போடாவிட்டால் அதுவாகவே கப்பல் சிக்னலைப் பிடித்துப் பில் ஏற்றிவிடும். குமட்டல் மாத்திரையை ஊரிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். படம் எடுக்கிறவன் சிரிக்கச் சொன்னால் சிரிக்கலாம், வாங்கக் கூடாது. துணி வெளுக்கப் போடவே கூடாது, குளியலறையில் கொடி கட்டிக்கொள்ளலாம்.

அறையிலும் அப்படித்தான். கடல் பார்த்த ஜன்னல் உள்ள அறைக்கு ஏறக்குறைய இரட்டிப்பு விலை. ஞானசௌந்தரி ஜன்னலே இல்லாத, எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற அறையைக் கேட்டு வாங்கினாள். கெவின் சிரித்தான். ஜேக்கப் மட்டும் சிரிக்கவில்லை. அவள் தவிர்த்தது செலவை மட்டுமல்ல, கடலையும்தான் என்று அவருக்குத் தெரியும்.

உவரிக்கு அடுத்த கடற்கரை ஊர் அவள் பிறந்த ஊர். அப்பா போன பிறகு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவன் ஹென்றிதான். அக்காவின் கல்யாணத்துக்காக ஏஜென்ட் மூலம் வெளிநாட்டு உல்லாசக் கப்பல் ஒன்றில் சலவைப் பிரிவில் சேர்ந்தான். கல்யாணத்துக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேசட்டில் பேசி அனுப்பியிருந்தான். சலவை இயந்திரங்கள் ஓடும் இடத்தில் உட்கார்ந்தே பேசியிருப்பான் போல. முதலில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல் வரும். அதற்குப் பின் "யக்கா" என்று அவன் குரல். "அத்தான், எங்க அக்கா தனக்குன்னு எதும் வாங்கிக்கிட மாட்டா. நீங்கதான் பாத்துக்கிடணும்." ஜேக்கப் மைத்துனனைக் கண்ணால் கண்டதில்லை. அந்தக் குரல்தான் அவருக்கு ஹென்றி.

கல்யாணம் முடிந்த நாலாம் மாதம் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. ஒரு துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய பிறகு எண்ணிப் பார்த்தபோது ஹென்றி கப்பலில் இல்லை. அவ்வளவுதான். கரையில் இறங்கி ஓடிப்போனானா, தண்ணீரில் விழுந்தானா என்று சொல்ல யாருமில்லை. உடல் இல்லாததால் அடக்கமும் இல்லை. அம்மா கடைசிவரை வாசல் விளக்கை அணைக்கவிடாமல் இருந்து செத்துப்போனாள். தன் கழுத்தில் கிடந்த சங்கிலி அந்தக் கப்பல் சம்பளத்தில் வந்தது என்று நினைக்க நினைக்க, ஞானசௌந்தரிக்கு எதற்கும் காசு எடுத்து நீட்டக் கை வராமலே போயிற்று. கேசட் ஒருநாள் பிளேயரில் சிக்கிக் கசங்கியது. இரைச்சல் மட்டும் மிஞ்சியது, குரல் போய்விட்டது. தாமிரபரணியில் குளிக்கப் போனால்கூட, இந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று நினைத்ததுமே படியேறிவிடுவாள்.

கப்பலில் ஏறி அறைக்கதவைச் சாத்தியதும் அது கேட்டது. தரைக்கு அடியிலிருந்து, சீராக, கனமாக. பிள்ளைகள் இன்ஜின் சத்தம் என்றார்கள். ஞானசௌந்தரி கட்டிலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கேசட்டின் முதல் பகுதி அது. அடுத்து அவன் கூப்பிட வேண்டும்.

அவள் காத்திருந்தாள். பிள்ளைகள் நீச்சல் குளத்துக்கும் ஆட்டம் பாட்டத்துக்கும் போனார்கள். சாப்பாட்டுக்கு மட்டும் மேலே போய், ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவாள். விளக்கை அணைத்தால் அந்த அறையில் பகலும் இரவும் ஒன்றுதான். இருட்டில் படுத்து மூச்சை அடக்கிக் கேட்பாள். சில நேரம் இரைச்சல் சட்டென்று தணியும். இதோ பேசப் போகிறான் என்று தலையணையிலிருந்து தலையைத் தூக்குவாள். மறுபடி இரைச்சல்தான் எழும். காசு செலவாகிவிடும் என்று அம்மா வெளியே வரமாட்டேன் என்கிறாள் என்று ரெனிஷா அப்பாவிடம் குறைபட்டாள்.

திருகோணமலையில் கப்பல் நின்றது. கப்பல்காரர்களின் சுற்றுலா வேண்டாம், வெளியே நடந்து போய் ஆட்டோ பிடியுங்கள், பாதிக் காசுதான் ஆகும் என்று சொல்லி மூன்று பேரையும் அனுப்பிவிட்டு ஞானசௌந்தரி தங்கிக்கொண்டாள். கப்பல் கட்டிக் கிடந்தது. அப்போதும் இரைச்சல் நிற்கவில்லை. அப்படியானால் இது இன்ஜின் இல்லை.

அறையைச் சுத்தம் செய்ய வந்தவன் பெயர் மதார், மேலப்பாளையத்துக்காரன். முதல் நாளே அவள் பேச்சை வைத்து நம்ம ஊர் என்று கண்டுகொண்டவன். இது என்ன சத்தம் என்று கேட்டாள்.

"நேர் கீழ லாண்டரிம்மா. ஓயாம ஓடும். தொந்தரவா இருந்தா சொல்லுங்க, வேற ரூம் மாத்தித் தரச் சொல்லுதேன். காசு கேக்க மாட்டாங்க."

வேண்டாம் என்றாள். கீழே போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். பயணிகளை விடமாட்டார்கள் என்றான். அவள் குளியலறைக் கொடியைப் பார்த்தாள். பிறகு, தானே கசக்கிக் காயப்போட்டிருந்த ஜேக்கப்பின் வெள்ளைச் சட்டையை உருவி அவனிடம் கொடுத்து, வெளுக்கப் போடச் சொன்னாள். அவன் விலையைச் சொன்னான். பரவாயில்லை, உடனே வேண்டும் என்றாள்.

சாயங்காலத்துக்குள் சட்டை மடிப்புக் குலையாமல் வந்தது. இஸ்திரிச் சூடு இன்னும் ஆறவில்லை. மதார் கிளம்பப் போனபோதுதான் அவள் அதைக் கேட்டாள்.

"கப்பல்ல ஒரு ஆளக் காணலேன்னா என்னப்பா செய்வாங்க?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். எதற்குக் கேட்கிறாள் என்று கேட்கவில்லை. "கப்பல் பூரா மைக்குல அவன் பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்கம்மா. திரும்பத் திரும்பக் கூப்பிடுவாங்க. இல்லேன்னு தெரிஞ்சா கப்பலத் திருப்பித் தேடணும், அதான் சட்டம். நான் முந்தி வேல பாத்த கப்பல்ல திருப்பினாங்க. எல்லாக் கப்பல்லயும் செய்வாங்களான்னு எனக்குத் தெரியாது."

அவன் போன பிறகு அவள் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ, ஹென்றியின் பாஷை தெரியாத யாரோ, அவன் பெயரைக் கப்பல் முழுக்கக் கூப்பிட்டிருப்பார்கள். இத்தனை வருஷத்தில் இது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

கரையிலிருந்து திரும்பிய ஜேக்கப் பிள்ளைகளை மேலே விட்டுவிட்டுத் தனியாக வந்தார். சட்டையையும் அதில் குத்தியிருந்த பில்லையும் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் கேட்டுது, ஞானம்" என்றார். "வந்த அன்னைக்கே கேட்டுது. நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு அது ஞாபகம் இருக்கா?"

"நம்ம கல்யாணத்துல நான் கேட்ட மொதச் சத்தமே அதானே."

அவள் அழுது முடிக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். பிறகு அந்தச் சட்டையையே மாற்றிக்கொண்டு, அவளைப் பைய எழுப்பி மேல்தளத்துக்குக் கூட்டிப் போனார். கப்பல் துறைமுகத்தை விட்டு விலகிக்கொண்டிருந்தது. வெயில் இன்னும் தாழவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு ஞானசௌந்தரி கடலை நேராகப் பார்த்தாள். எந்த இடம் என்று பார்ப்பது? எல்லாப் பக்கமும் அதேதான் கிடந்தது.

ஒரு தடவை கூப்பிடேன் என்றார் ஜேக்கப். அவளுக்கு வாய் வரவில்லை. கடைசியில் அவரே, தான் பார்த்திராத அந்த ஆளை, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டார்.

"ஹென்றி மாப்ளே!"

அன்றைக்கு ராத்திரி அவள் பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர்களுக்கு மாமா ஒருவர் இருந்தார் என்பது தெரியும். எப்படிப் போனார் என்பது தெரியாது. கெவின் வேறு அறைக்கு மாறிவிடலாமா என்று கேட்டான். அவள் மறுத்துவிட்டாள். கப்பலில் மீதமிருந்த நாளையும் அந்த இரைச்சலின் மேலேயே படுத்துக் கழித்தாள். குரல் வரவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தாள். இறந்தவர்களுக்கான பூசையில் தம்பி பெயரைச் சேர்க்க அதுவரை அவள் ஒப்புக்கொண்டதே இல்லை. சேர்த்தால் தானே அவனைக் கொன்றதாக ஆகிவிடும் என்று பயம். இந்தத் தடவை தானே பெயரைச் சொன்னாள். சாமியார் இறந்த தேதியைக் கேட்டார். தெரியாது சாமி, பெயர் மட்டும் போதும் என்றாள்.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, கோயிலில் வரிசையாகப் பெயர்களை வாசித்தார்கள். ஜேக்கப் பக்கத்தில் நின்றார். "ஹென்றி" என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். ஞானசௌந்தரி மட்டும் திரும்பி வாசலைப் பார்த்தாள். அடுத்த பெயரை வாசித்து, அதற்கடுத்ததையும் வாசித்தார்கள். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.