ஓரகத்தி அடுப்புக்குக் கீழே சுரங்கம்

அட, அதுக்குள்ள வௌவால்தான் மதினி இருக்கு, புதையலும் கிடையாது புண்ணாக்கும் கிடையாது! தேவிகுளம் பஜார்ல ரோட்டை அகலப்படுத்த ஜேசிபி தோண்டுச்சுல்லா, அப்ப மண்ணு பொத்துக்கிட்டு உள்ள போயிருச்சு. பாத்தா, ஆள் நிமிந்து நடக்குற மாதிரி சுரங்கம், கல்லு வச்சுக் கட்டினது. வெள்ளக்காரன் கட்டினதுங்கான் ஒருத்தன், ராஜா ஒளியக் கட்டினதுங்கான் இன்னொருத்தன். இந்தக் குளிர்ல எந்த ராஜா வந்து ஒளிவான்? நானும் போயிப் பாத்தேன். ஒரு பிள்ள என்னையும் சேத்து போட்டோ பிடிச்சா. சிரிச்சாப் பல்லு தெரியலையாம், இருந்தாத்தான தெரியும்!

என்ன சொல்ல வந்தேன்? ஆங், என் மூத்த ஓரகத்தி. அவ அடுப்பங்கரைத் தரையில ஒரு வெடிப்பு உண்டு, எப்பவும் சிலுசிலுன்னு காத்து வரும். பஜார்ல சுரங்கம்னதும் ஓடினா. "சார், அது எங்க வீட்டுக்கு அடியிலதான் வருது"ன்னு தாசில்தார் ஆபீஸ் ஆளுகள எங்க தேயிலை எஸ்டேட் லயத்துக்கே கூட்டிட்டு வந்தா. கட்டஞ்சாயா குடுத்து, தரைக்கல்ல அவளே கடப்பாரையால நெம்பிக் காட்டினா. அவனுக டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, கதவுல சிவப்புப் பெயிண்ட்டால குறுக்க ரெண்டு கோடு இழுத்துட்டுப் போனானுக.

கூரைத் தகரம் மாத்துற வீட்டுக்குத்தான கம்பெனி சிவப்பு அடையாளம் போடும்? அவளும் அதையே நினைச்சா. புதுவீடு வருதுன்னு லயம் பூரா கேசரி குடுத்தா. என் வாசல்ல நின்னு, "ஏட்டி, உன் ஓட்ட வீட்டுக்கு யாரும் வரலியா?"ன்னா. நானும் வாங்கித் தின்னேன். நல்ல நெய்.

மறுநாள் வந்த ஆபீஸ்காரன், "அம்மச்சி, வீடு இடிஞ்சு உள்ள போயிரும், உடனே காலி பண்ணணும்"னுட்டான். மாத்து வீடு எங்க கிடைக்கும்? வேலையில பேரு இருந்தாத்தான லயத்துல வீடு. இவ எப்பவோ வேலைய விட்டுப் பிரிஞ்சாச்சு, மகனும் திருப்பூர் போயிட்டான். யாரும் கண்டுக்காம ஒண்டிக் கெடந்தவ, தானே கூப்பிட்டுக் காட்டிக் குடுத்துட்டா!

அவ குலுங்கிக் குலுங்கி அழுதா, மதினி. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. நான் மாசமா இருந்தப்ப, கொழுந்து மூட்டைய என் முதுகுல ஏத்திவிட்டு, "குதிரை மாதிரி நடந்து காட்டுட்டி"ன்னு சிரிச்சவ அவ. அந்தப் பிள்ள தங்கல.

இன்னைக்குக் காலையில வந்தா. "உன் பின்ரூம் சும்மாதான கெடக்கு, ஒரு பாய் விரிச்சுக்கிடுதேன்"னா. "பாப்போம்கா, சாயங்காலம் வாங்க"ன்னுட்டேன்.

அந்தா, மேட்டுல பாத்திரச் சாக்கத் தூக்கிட்டு வாரது அவதான? எந்திரி மதினி. முத்தத்துல கெடக்குற விறகு பூரா பின்ரூம்ல அடுக்கணும். அவ எட்டிப் பாக்கையில நிக்கக்கூட இடம் இருக்கப்பிடாது. இந்தா, அந்தப் பெரிய கட்டைய ஒரு கை பிடி.