ஒரே கதிரையில் மூன்று பேர்

இன்டர்வியூ போர்டில் உட்காருவது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள், ஒரு தரம் ஒரே கதிரையில் மூன்று பேராக உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடக் கடைசிச் சோதனையான ஏ.எல். எழுதிவிட்டு முடிவு வரும்வரை எனக்குக் கிடைத்த உத்தியோகம் அதுதான். சம்பளம், ஒரு அமர்வுக்கு, மீன் அடைத்த ஒரு மாலு பாண். வீட்டில் யாரையாவது இன்டர்வியூவுக்குத் தயார்படுத்தி, போகிறவரைவிட அதிகமாக வியர்த்துப்போன அன்பர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

போர்டு கூடுகிறது

என் அக்கா ஷெரின் வேலை பார்த்த கப்பல் முகவர் கம்பனியை இழுத்து மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, மாமா கட்டாரில் பார்த்து வைத்திருந்த ஆபீஸ் வேலை. மற்றது, வெள்ளவத்தையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தர் வேலை. மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய், அந்தக் குடும்பங்களுக்கு என்ன தேவை என்று பார்க்கிற வேலை. "இதில எடுபடாட்டி மாசக் கடைசியில ஃப்ளைட் ஏறுறன்" என்று சொல்லிவிட்டாள். மம்மி அழுதார். நான் அழவில்லை. டடியின் பழைய சிம்மைப் போட்டு அந்த நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். வழி கேட்பதுபோல் கேட்டு, அங்கே என்ன மாதிரிக் குரல்கள் புழங்குகின்றன என்று பார்க்கத்தான். எடுத்த மேடம் ஒவ்வொரு வசனத்தையும் "ஓகேயா, மிஸ்?" என்று மேலே தூக்கி முடித்தார். அந்தக் குரலை அப்படியே அள்ளிக்கொண்டேன்.

அந்த மேடம் ஒருவர். எங்கள் பழைய அதிபரைப்போல் செருமிவிட்டுத் தொடங்கும் தலைவர் ஒருவர். எதைச் சொன்னாலும் "இன்ட்ரஸ்டிங்" என்கிற வெளிநாட்டுக்காரர் ஒருவர். மூன்று பேரும் என் ஒருத்தியின் தொண்டையில் ஏறி, கொட்டாஞ்சேனையில் எங்கள் முன்னறைக் கதிரையில் வந்து அமர்ந்தோம். "இந்த வேலைக்கு ஏன் விண்ணப்பிச்சீங்க?" என்று தலைவர் செருமினார். "சின்ன வயசில இருந்தே மக்களுக்குச் சேவை செய்ய ஆசை" என்றாள் அக்கா. "இன்ட்ரஸ்டிங்" என்றார் வெளிநாட்டுக்காரர். பேப்பருக்குப் பின்னாலிருந்து டடியின் குரல் வந்தது: "சேவை செய்ய அவ்வளவு ஆசையெண்டா, முதல்ல அந்தத் தண்ணிப் போத்தல்கள நிரப்பி ஃப்ரிட்ஜுக்குள்ள வைக்கச் சொல்லு."

நாலாவது அங்கத்தவர்

மூன்று குரலும் அக்காவுக்குப் பழகிவிட்டதால், நாலாவதாகக் கீழ்க் கடை ஃபாரூக் நானாவை போர்டில் சேர்த்தேன். அவர் மூக்கால் கதைப்பார், 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்பார். நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்ன மகள், வேலயா வேணும்? வேல என்ன கிலோ கணக்கிலயா ஈக்கி?" என்று ஏற்ற இறக்கத்தோடு வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா சிரிக்கவில்லை. என் தலைக்கு மேலே எதையோ பார்த்தாள். திரும்பினால், வாசலில் காஸ் சிலிண்டரோடு அசல் ஃபாரூக் நானா.

ஏச்சு விழும் என்று கண்ணை மூடினேன். சிலிண்டரை இறக்கும் சத்தம்தான் கேட்டது. "தள்ளுங்க" என்று என்னை எழுப்பிவிட்டு, என் கதிரையில் அவரே உட்கார்ந்தார். "மகள், முந்தின வேலய என்னத்துக்கு உட்டீங்க?" என்று கேட்டார். நாங்கள் யாருமே அக்காவிடம் கேட்கத் துணியாத கேள்வி அது. அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "கம்பனிய மூடிட்டாங்க நானா" என்றாள், களவெடுத்தவள் மாதிரி. நானா கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்தார். "மூடினது கம்பனி, நீங்க இல்ல. தலயத் தூக்கிச் சொல்லுங்க மகள். நீங்க சொல்லுங்க சின்னவ, என்ட மூக்கு அப்பிடியா ஈக்கி?"

கண்டக்டர்

இன்டர்வியூவுக்கு முந்திய சனிக்கிழமை, "போய்ப் பாக்காம எப்பிடி அங்க வேலை கேக்கிற?" என்று அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனாள். சனிக்கிழமைகளில் அங்கே பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு. யாரும் போய்ப் பார்க்கலாம். வத்தளையிலிருந்து வந்த ஒரு தாய், நடக்க முடியாத மகளை மடியில் வைத்திருந்தார். எட்டு வயதிருக்கும். விடாமல் அழுதுகொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி வந்தீர்கள், எத்தனை பஸ், எங்கே மாறினீர்கள் என்று கேட்டாள். எழுதிக்கொள்ளவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

எனக்கு அழுகைச் சத்தம் தாங்காது. எழுந்து, ஒரு காலைப் படியில் வைத்து, சிங்களத்தில் கோட்டைக்கு ஆள் ஏற்றுகிற நீர்கொழும்பு வீதி பஸ் கண்டக்டர் ஆனேன். "கொட்டுவ, கொட்டுவ, கொட்டுவ! நகின்ன, நகின்ன! மிஸ், இடம் இருக்கு மிஸ், ஏறுங்க, ஏறுங்க!" என்று அந்தப் பிள்ளையையே பார்த்துக் கூப்பிட்டேன். அவள் அழுகையை விட்டுவிட்டு, கையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நான் பெருமையோடு தாயைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்: "உண்மையான கண்டக்டர் ஒருத்தரும் எங்கள இப்பிடிக் கூப்பிட்டதே இல்ல, தங்கச்சி. எங்களக் கண்டா பஸ் நிக்காது."

அயன்

என்ன உடுப்பது என்பதில் வீடு இரண்டானது. தொண்டு நிறுவனத்துக்காரர்களுக்குக் கசங்கின கைத்தறிதான் பிடிக்கும் என்று எதிர்வீட்டு அன்ரி அடித்துச் சொன்னார். மம்மியோ காலையிலிருந்து நீலச் சேலையை அயன் பண்ணி, ஒரு சுருக்கம் இல்லாமல் கட்டிலில் கிடத்தியிருந்தார். "இவ்வளவு நீட்டாப் போனா, இரக்கமில்லாத பிள்ளை எண்டு நினைப்பினம்" என்றார் அன்ரி. மம்மி அயனைக் கீழே வைக்கவே இல்லை. "அயன் பண்ணின பிள்ளையும் மற்றவைக்கு இரங்கும், நீங்க பயப்படாதீங்க."

யாருடைய குரல்

கடைசி ஒத்திகையில், கோபத்தோடு வருகிற தாய் ஒருத்தியாக நான் நடிக்க வேண்டும், அக்கா சமாளிக்க வேண்டும். மேசையில் அடித்தேன். "வீல்செயார் தாறம் எண்டு ஒரு வருசமா அலைக்கழிக்கிறீங்க!" அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, "அது எங்கட பிரிவு இல்ல, அம்மா" என்றாள். எனக்கு உண்மையாகவே பற்றிக்கொண்டு வந்தது. "எங்கட பிரிவு இல்லையா? இண்டைக்கு நீங்க இதில இருப்பீங்க. நாளைக்குப் பெட்டியக் கட்டிக்கொண்டு போயிடுவீங்க. பிறகு நாங்க ஆரோட கதைக்கிற?"

வத்தளைத் தாயின் குரலில்தான் தொடங்கினேன். எங்கே நழுவியது என்று தெரியவில்லை. அக்கா கதிரையைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர்க் கிளாஸை என் கையில் வைத்தாள். "சொல்லி முடிங்க அம்மா, நான் எங்கயும் போகேல்ல" என்றாள். தண்ணீரைக் குடித்தேன். கிளாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்டாள்: "அடியேய், ஊரில இருக்கிற எல்லாற்ற குரலையும் கேட்டிருக்கிறன். இந்தக் குரல மட்டும் நீ எனக்குக் காட்டினதே இல்லையே?"

செருமல்

இன்டர்வியூ நாளில் நான் எதிர்க்கடையில் பிளேன்டீயோடு காவல் இருந்தேன். அக்கா வெளியே வந்தபோது முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. உள்ளே தலைவர் வாயைத் திறக்குமுன் செருமினாராம், அச்சு அசலாக நான் செருமுவதுபோல். நாக்கைக் கடித்துக்கொண்டாளாம். முந்தின வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்களாம்; தலையைத் தூக்கிச் சொன்னாளாம். கோபத்தோடு ஒரு தாய் வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார்களாம். இவள் பதில் சொல்லாமல் கதிரையைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றிப் போய்விட்டாளாம்!

கடைசியில், எங்களிடம் ஏதும் கேட்க வேண்டுமா என்றார்களாம். "வத்தளைப் பக்கத்துத் தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்க வாறத விட, கிழமையில ஒரு நாள் நாங்க அங்க போனா என்ன?" என்று கேட்டிருக்கிறாள். போர்டில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம். பிறகு தலைவர் செருமாமலே சொன்னாராம்: "கேள்வி கேக்க வந்தது நாங்களா, நீங்களா, மிஸ் ஷெரின்?"

அந்தப் போன்

இதற்குள் நான் இரண்டு தரம், ஒரு தரம் பழைய சிம்மிலிருந்தும் மறுதரம் சிநேகிதியின் போனிலிருந்தும், மேடத்தின் குரலில் அக்காவுக்குப் போன் எடுத்து, "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க, ஓகேயா, மிஸ்?" என்று சொல்லி, அவள் துள்ளிக் குதித்த பிறகு சிரித்திருக்கிறேன். மாசம் முடிய நாலைந்து நாள்தான் இருந்தது. பயணப் பெட்டி அலுமாரிக்கு மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. அன்று பின்னேரம் அவளுடைய போன் அடித்தது. தெரியாத இலக்கம். "ஹலோ, மிஸ் ஷெரின், நல்ல செய்தி ஒண்டு சொல்லப் போறன், ஓகேயா, மிஸ்?"

"அடியேய் குரங்கே! என்ட நிலமை தெரியாம இன்னும் பகிடியா விடுற? வீட்ட வா, உன்ட வாயத் தச்சு விடுறன்!" போனை வெட்டிவிட்டுத் திரும்பினாள் அக்கா. நான் குசினி வாசலில் நின்றேன், வாய் நிறைய மாலு பாண். ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். எனக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அம்மாவாணை, வாழ்க்கையில் முதல் தரமாக எனக்குக் குரலே வரவில்லை.

போன் திரும்பவும் அடித்தது. அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மன்னிப்பு, தங்கச்சி, மிமிக்ரி, மன்னிப்பு என்று உளறி முடித்தாள். மறுபக்கத்தில் ஒரு சிரிப்பு. "திங்கட்கிழமை எட்டரைக்கு வேலைக்கு வாங்க மிஸ். வத்தளைக் கதையைத் தலைவர் இன்னும் விடேல்ல. தங்கச்சியையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, என்ட குரல் இன்னொருத்தரிட்ட இருந்தா நான் நிம்மதியா லீவ் போடலாம், ஓகேயா, மிஸ்?"

குரல் தந்த கொட்டாஞ்சேனைக்கும், கேட்டும் அடிக்காமல் விட்ட ஃபாரூக் நானாவுக்கும், ஏச்சு வாங்கியும் இரண்டாந்தரம் போன் எடுத்த அந்த மேடத்துக்கும் நன்றி: பெட்டி திரும்பவும் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது, அக்கா தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கிறாள், நான் போன் எடுத்தால் மட்டும், வீடு பற்றி எரிந்தாலும், நம்புவதில்லை.